இல்லாத பட்டன் சொல்லும் பாடம்

ஒரு வகுப்பில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். டூரிங் மெஷின் பாடம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. வீட்டுக் கணக்கு இதுதான்: முதலில் சில ‘0’, பிறகு அதே எண்ணிக்கையில் ‘1’ வந்தால் மட்டும் ‘சரி’ என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு மெஷினை வரைந்து வர வேண்டும். 0011 வந்தால் சரி. 000111 வந்தாலும் சரி. 00111 வந்தால் ஏற்கக் கூடாது.

மாணவர் வட்டம் வட்டமாகப் போடுகிறார், அம்புக்குறி இழுக்கிறார். ஒரு ‘0’-வை அடி, வலப்பக்கம் போ, ஒரு ‘1’-ஐ அடி, திரும்பி வா, மறுபடியும் அதையே செய். ‘0’ தீர்ந்ததும் ‘சரி’ என்று சொல்லி நின்றுவிடு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘0’ தீர்ந்த பிறகு ‘1’ ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அவர் மறந்துவிட்டார். அதனால் இந்த மெஷின் 00111-ஐயும் ஏற்றுக்கொள்ளும். அறுபது நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியர் வட்டங்களை எண்ணுவார், அம்புகள் ஏறக்குறைய சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், டிக் போடுவார். மாணவருக்கு மார்க் கிடைக்கும். தன் மெஷின் தப்பு என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

பேப்பரில் வரைந்த மெஷின் மாட்டிக்கொள்வதே இல்லை. ஏனென்றால் அது ஓடுவதே இல்லை!

கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரே இல்லாமல் நடத்தப்படும் பாடங்களில் இது முக்கியமானது. எதைக் கணக்கிட முடியும், எதை எந்தக் கணினியாலும் முடியாது என்று சொல்லும் பாடம் இது. இதற்கு அக்கா மாதிரி இருப்பது லாஜிக், அதாவது தர்க்கம். இரண்டையும் மனப்பாடம் செய்தே தாண்டிவிடலாம் என்பதுதான் இவற்றைப் பிடித்த சாபம். இந்தச் சாபத்தைப் போக்கச் சிலர் மென்பொருள் எழுதினார்கள். அவர்கள் செய்தது எவ்வளவு தூரம் பலித்தது, எங்கே நின்றது, நின்ற இடத்தில் ஏன் ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்டான்ஃபோர்டில் இருவர்

1980-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் பார்வைஸ், ஜான் எட்செமெண்டி என்று இரண்டு பேர் லாஜிக் நடத்தினார்கள். பார்வைஸ் கணிதத் தர்க்கத்தில் பெரிய பெயர், 2000-ல் காலமானார். எட்செமெண்டி தத்துவத் துறைக்காரர். பிற்பாடு 2000 முதல் 2017 வரை அதே பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட் பதவியில் இருந்தார். அப்போது மெகின்டாஷ் கணினி புதிதாக வந்திருந்தது. திரையில் படம் வரையலாம், மௌஸால் நகர்த்தலாம். இருவரும் அதற்காக வரிசையாகச் சில மென்பொருள்களை உருவாக்கினார்கள்: டூரிங்’ஸ் வேர்ல்ட், டார்ஸ்கி’ஸ் வேர்ல்ட், ஹைப்பர்ப்ரூஃப்.

டூரிங்’ஸ் வேர்ல்டில் மாணவர் வட்டமும் அம்பும் வரைந்தால் மெஷின் அங்கேயே ஓடும். மேலே சொன்ன மறதி 00111 என்று ஒருமுறை கொடுத்தாலே வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆசிரியரின் சிவப்பு மைக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இவற்றில் மிக அழகானது டார்ஸ்கி’ஸ் வேர்ல்ட்தான். உண்மை என்றால் என்ன என்பதற்குக் கணித முறையில் வரையறை கொடுத்த போலந்து நாட்டு அறிஞர் ஆல்ஃபிரட் டார்ஸ்கியின் பெயர் இதற்கு. திரையில் செஸ் போர்டு மாதிரி எட்டுக்கு எட்டுக் கட்டம். அதில் கனசதுரம், நான்முகி, பன்னிருமுகி என்று மூன்று வகைப் பொருள்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகள். பக்கத்திலேயே தர்க்க மொழியில் வாக்கியம் எழுத ஓர் இடம். எழுதிய வாக்கியம் அந்தக் குட்டி உலகத்தில் உண்மையா பொய்யா என்று மென்பொருள் சொல்லிவிடும்.

இது மட்டும் என்றால் பெரிய விஷயம் இல்லை. இதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அங்கேதான் சூட்சுமம்.

“சரி, அது எது? காட்டு!”

இரண்டு வாக்கியங்கள்:

ஒன்று: ஒவ்வொரு கனசதுரம் இருக்கும் வரிசையிலும் ஒரு நான்முகி இருக்கிறது.

இரண்டு: ஒரு நான்முகி இருக்கிறது, எல்லாக் கனசதுரங்களும் அது இருக்கும் வரிசையில்தான் இருக்கின்றன.

அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். போர்டில் முதல் வரிசையில் ஒரு கனசதுரமும் ஒரு நான்முகியும், ஐந்தாம் வரிசையில் இன்னொரு கனசதுரமும் இன்னொரு நான்முகியும் இருக்கின்றன. ஒரு மாணவி இரண்டாவது வாக்கியமும் உண்மை என்று அடித்துச் சொல்கிறார். மென்பொருள் உடனே ‘தப்பு’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் விளையாட்டில் அது அப்படிச் செய்யாது. “உண்மை என்கிறாயா? சரி, அந்த நான்முகி எது, காட்டு” என்கிற மாதிரி கேட்கும். அவர் முதல் வரிசை நான்முகியைத் தொடுகிறார். மென்பொருள் ஐந்தாம் வரிசைக் கனசதுரத்தைக் காட்டி, “அப்படியானால் இதுவும் அதே வரிசையில் இருக்கிறது என்கிறாய், இல்லையா?” என்று கேட்கும். இல்லைதானே! தோற்றது அந்த மாணவி எடுத்த நிலைப்பாடு. தோற்கடித்தது அவர் கண்ணெதிரில் இருக்கும் கனசதுரம்.

‘எல்லா’, ‘ஏதோ ஒன்று’ என்ற சொற்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறும். இதைக் கரும்பலகையில் பத்து முறை சொன்னாலும் ஏறாதது, இப்படி ஒருமுறை தோற்றால் ஏறிவிடும்.

இன்னொன்று. போர்டில் பன்னிருமுகியே கிடையாது. “எல்லாப் பன்னிருமுகிகளும் பெரியவை” என்ற வாக்கியம் உண்மையா? பொய் என்றுதான் பெரும்பாலோர் சொல்லத் தோன்றும். விளையாட்டில் மென்பொருள் கேட்கும்: “பொய்யா? அப்படியானால் பெரியதாக இல்லாத ஒரு பன்னிருமுகியைக் காட்டு.” காட்ட ஒன்றுமே இல்லை. அந்த வாக்கியம் ஏன் உண்மை என்று அப்போதுதான் புரியும்.

இந்த விளையாட்டு வெறும் கேளிக்கைக்காகச் சேர்த்தது அல்ல. தர்க்க வாக்கியத்தின் பொருளையே இருவர் ஆடும் ஆட்டமாகப் பார்க்கும் சிந்தனையை லியான் ஹென்கின், யாக்கோ ஹின்டிக்கா போன்ற தர்க்க அறிஞர்கள் முன்பே வளர்த்திருந்தார்கள். பார்வைஸும் எட்செமெண்டியும் அதை ஒரு மாணவர் மௌஸால் ஆடும் ஆட்டமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

‘தான்’ என்ற இரண்டெழுத்து

1999-ல் இந்த முயற்சிகள் ‘லாங்குவேஜ், ப்ரூஃப் அண்ட் லாஜிக்’ என்ற பாடநூலாகத் திரண்டன. புத்தகத்துடன் டார்ஸ்கி’ஸ் வேர்ல்ட் வந்தது. நிரூபணங்களைப் படிப்படியாகச் சரிபார்க்கும் ஃபிட்ச், உண்மை அட்டவணை போடும் பூல் ஆகியவையும் சேர்ந்து வந்தன. மாணவர் விடையை இணையம் வழியாக அனுப்பினால், கிரேட் கிரைண்டர் என்ற சேவை திருத்தி அனுப்பும்.

ஆண்டுக்கணக்கில் இப்படிச் சேர்ந்த விடைகளை ஆய்வாளர்கள் பிற்பாடு அலசினார்கள். சாதாரண மொழியைத் தர்க்க மொழிக்கு மாற்றும்போது மாணவர்கள் செய்யும் தவறுகளில் அடிக்கடி தலைகாட்டிய ஒன்று, ‘இப்படி என்றால் அப்படி’ என்பதைத் தலைகீழாக எழுதிவிடுவது. ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’ குழப்பம் இது.

தமிழில் யோசித்தால் இந்தக் குழப்பம் ஒரு நொடியில் விளங்கும். “மழை பெய்தால் தரை நனையும்.” இது சரி. “மழை பெய்தால்தான் தரை நனையும்.” இது பொய், குழாயைத் திறந்துவிட்டாலும் தரை நனையும். நடுவில் வந்த ‘தான்’ அம்புக்குறியையே திருப்பிப் போட்டுவிட்டது. முதல் வாக்கியம் மழையிலிருந்து ஈரத்துக்குப் போகிறது. இரண்டாவது வாக்கியம் ஈரத்திலிருந்து மழைக்குப் போகிறது.

“படித்தால்தான் பாஸ்” என்று ஆசிரியர் சொல்வதை “படித்தால் பாஸ்” என்று காதில் வாங்கிக்கொண்டு, ரிசல்ட் வந்த பிறகு ஏமாந்துபோகிறவர்கள் எல்லோரும் இந்தத் தவறைச் செய்தவர்களே. ஆசிரியர் எந்த உத்தரவாதமும் தரவில்லை. படிக்காமல் பாஸாக முடியாது என்று மட்டும்தான் சொன்னார்!

எதிர்க்கட்சி வாதம்

சரி, மென்பொருள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இதைக் கடுமையாக மறுத்தவர்களும் உண்டு. அவர்களில் முக்கியமானவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1988-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கம்ப்யூட்டர் சயன்ஸை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். முதல் வருட மாணவர்களுக்குக் கற்பிக்கும் நிரல் மொழியைக் கல்லூரி வளாகத்தில் எந்தக் கணினியிலும் ஓட்டவே வழி இருக்கக் கூடாது என்று அதில் யோசனை சொன்னார். ஓட்டிப் பார்க்க முடிந்தால் ஓட்டித்தான் பார்ப்பார்கள், சிந்தித்து நிரூபிக்க மாட்டார்கள் என்பது அவர் பயம்.

கிண்டலாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஃபிட்ச் போன்ற நிரூபண மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் சரி, தப்பு அடையாளம் உடனே வரும். மாணவர் இந்த விதியைப் போட்டுப் பார்க்கிறார், தப்பு. அந்த விதியைப் போட்டுப் பார்க்கிறார், தப்பு. மூன்றாவது விதிக்கு டிக் விழுகிறது. அவ்வளவுதான், அடுத்த கணக்கு. அந்த வரி ஏன் சரி என்று கேட்டால் முழிப்பார். பூட்டுக்கு ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறவருக்கு முடிவில் கதவு திறக்கும். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியாது.

படம் காட்டினால் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு பத்திரமானது அல்ல. படத்தையும் வாக்கியத்தையும் சேர்த்து நிரூபணம் செய்யும் ஹைப்பர்ப்ரூஃப் மென்பொருளைக் கீத் ஸ்டென்னிங், ரிச்சர்ட் காக்ஸ், ஜான் ஓபர்லாண்டர் ஆகியோர் ஆய்வு செய்து 1995-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழு படத்தோடு படித்தது. இன்னொரு குழுவுக்குப் படப் பகுதி மறைக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலன் கிடைக்கவில்லை. மாணவரின் சிந்தனை முறையைப் பொறுத்துச் சிலருக்குப் படம் கைகொடுத்தது, வேறு சிலருக்கு வாக்கியமே நன்றாகக் கைகொடுத்தது.

ஆக, அனிமேஷன் இருப்பதால் மட்டும் ஒரு மென்பொருள் நல்ல ஆசிரியர் ஆகிவிடாது. டார்ஸ்கி’ஸ் வேர்ல்ட் விளையாட்டு ஏன் வேலை செய்கிறது? மாணவரை முதலில் ஒரு பக்கம் சாய்ந்து வாய் திறந்து சொல்ல வைக்கிறது. பிறகு அவர் சொன்னதை வைத்தே அவரை மடக்குகிறது. ஊர்ப் பட்டிமன்றத்தில் எதிரணிக்காரர் செய்வதும் இதைத்தான். டிக் மட்டும் போடும் மென்பொருளால் இது முடியாது.

ஒரு மெனுவின் கதை

இப்போது கணிப்பியல் பக்கம் வருவோம். இங்கே மாணவர்களிடையே மிகப் பிரபலமானது ஜேஃப்ளாப். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சூசன் ராட்ஜர் தன் மாணவர்களுடன் சேர்ந்து பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தது. ஜாவாவில் எழுதப்பட்டது, இலவசம். 2006-ல் இதற்கென்று ஒரு புத்தகமும் வந்தது. ஃபைனைட் ஆட்டமேட்டா, புஷ்டௌன் ஆட்டமேட்டா, டூரிங் மெஷின், இலக்கண விதிகள் என்று எல்லாவற்றையும் இதில் வரைந்து ஓட்டலாம். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் முறைகளைப் படிப்படியாகச் செய்து பார்க்கலாம்.

இதில் ஃபைனைட் ஆட்டமேட்டா வரையும்போது மெனுவில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டு மெஷின்கள் ஒன்றுக்கொன்று சமமா என்று ஒப்பிட்டுச் சொல்வது. மூன்றால் வகுபடும் பைனரி எண்களை ஏற்கும் மெஷினை ஒரு மாணவர் மூன்று வட்டங்களில் வரைகிறார். நண்பர் ஆறு வட்டங்களில் சுற்றி வளைத்து வரைகிறார். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? பட்டனை அழுத்தினால் விடை வந்துவிடும். நாலு எண்களைப் போட்டுப் பார்த்துச் சொல்லும் விடை அல்ல அது. முடிவில்லாத அத்தனை எண்களுக்கும் சேர்த்து உறுதியான விடை.

இதே பட்டனைப் புஷ்டௌன் ஆட்டமேட்டா பக்கத்தில் தேடினால் கிடைக்காது. டூரிங் மெஷின் பக்கத்திலும் கிடைக்காது.

மென்பொருள் எழுதியவர்களுக்கு நேரம் இல்லையா? அடுத்த பதிப்பில் வருமா? வராது. ஒருநாளும் வராது. யார் எழுதினாலும் வராது!

ஃபைனைட் ஆட்டமேட்டாவை எவ்வளவு சுற்றி வளைத்து வரைந்தாலும் அதை ஒரு மிகச் சிறிய வடிவத்துக்குச் சுருக்கிவிடலாம். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மெஷின்கள் சுருங்கி வந்து ஒரே வடிவத்தில் நிற்கும். அதனால்தான் அங்கே பட்டன் சாத்தியம். புஷ்டௌன் ஆட்டமேட்டாவிலும் டூரிங் மெஷினிலும், இரண்டு மெஷின்கள் சமமா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் எந்த அல்காரிதமும் இருக்க முடியாது என்று கணிதத்தில் நிரூபித்தே விட்டார்கள்.

அந்த மெனுவில் ஒரு வசதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் காணாமல் போகிறது என்று பார்த்தாலே போதும், முழுப் பாடத்தின் வரைபடமும் கையில் கிடைத்துவிடும். ஆனால் இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் எத்தனை வகுப்புகளில் “ஏன் இந்தப் பட்டன் இங்கே இல்லை?” என்று யாராவது கேட்டிருப்பார்கள்?

“தொடரலாமா?”

இன்னொரு சின்ன விஷயம். ஜேஃப்ளாப்பில் ஒரு டூரிங் மெஷினை ஓட்டிப் பார்க்கும்போது அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், இத்தனை படிகள் ஆகிவிட்டன, தொடரலாமா என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். பெரும்பாலான மாணவர்கள் இரண்டு முறை ‘ஆம்’ கொடுப்பார்கள், பிறகு எரிச்சலில் ‘வேண்டாம்’ என்று மூடிவிட்டு, மெஷின் லூப்பில் மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டுவார்கள்.

அந்த முடிவுக்கு ஆதாரம் என்ன? ஒன்றுமே இல்லை.

1962-ல் டிபோர் ராடோ என்ற கணித அறிஞர் ஒரு விளையாட்டைச் சொன்னார். பெயர் ‘பிஸி பீவர்’. காலி டேப்பில் தொடங்கி, என்றாவது ஒருநாள் நின்றுவிடும் மெஷின்களில் மிக அதிகப் படிகள் ஓடுவது எது? இரண்டு குறியீடுகள் மட்டும் உள்ள மெஷின்களில், 2 நிலைகள் என்றால் அதிகபட்சம் 6 படிகள். 3 நிலைகள் என்றால் 21. 4 நிலைகள் என்றால் 107. நூறாவது படியில் பொறுமை இழந்து “இது நிற்காது” என்று ஒரு மாணவர் எழுதியிருந்தால், ஏழு படிகளில் ஏமாந்திருப்பார்.

5 நிலைகள்? அங்கேதான் தலை சுற்றும். 4,71,76,870 படிகள் ஓடிவிட்டு நிற்கும் ஒரு மெஷினை ஹைனர் மார்க்சன், யூர்கன் பன்ட்ராக் இருவரும் 1989-ல் கண்டுபிடித்தார்கள். நான்கே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு! ஆனால் அதைவிட அதிகம் ஓடி நிற்கும் ஐந்து நிலை மெஷின் வேறு எதுவும் இல்லை என்று நிரூபிக்க 2024 வரை ஆயிற்று. இணையத்தில் ஒன்றுகூடிய ஆர்வலர் குழு ஒன்று, நிற்காத ஒவ்வொரு மெஷினும் ஏன் நிற்காது என்று காரணம் கண்டுபிடித்து, காக் என்ற நிரூபண மென்பொருளில் சரிபார்த்து முடித்தது. 6 நிலைகளுக்கான விடை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்தக் கதையில் மென்பொருளின் இடம் எது என்று கவனிக்க வேண்டும். மெஷின் நின்றால், ஓட்டிப் பார்த்தே நின்றது என்று தெரிந்துகொள்ளலாம். நிற்காது என்பதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. அதற்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு நிரூபணம் வேண்டும்.

காரணம் கண்டுபிடிக்கும் வேலையையும் ஒரு பட்டனிடம் ஒப்படைத்துவிட முடியாதா? 1936-ல் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த விடை இது. ‘நிற்குமா?’ என்று ஒரு பட்டன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த மெஷினைக் கொடுத்தாலும் அது நிற்கும், நிற்காது என்று பொய்யில்லாமல் சொல்லும். இப்போது ஒரு குறும்புக்கார மெஷினைக் கட்டலாம். அது பட்டனிடம் தன்னைப் பற்றியே கேட்கும். ‘நிற்பாய்’ என்று பட்டன் சொன்னால் வேண்டுமென்றே முடிவில்லாமல் ஓடும். ‘நிற்க மாட்டாய்’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பட்டன் என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே அப்படி ஒரு பட்டன் இருக்க முடியாது.

தர்க்கத்திலும் இதே கதைதான். அதே 1936-ல் அலான்ஸோ சர்ச்சும் டூரிங்கும் தனித்தனியாக நிரூபித்தது, ‘எல்லா’, ‘ஏதோ ஒன்று’ உள்ள தர்க்க மொழியில் ஒரு வாக்கியம் மற்றவற்றிலிருந்து பெறப்படுமா என்று எப்போதும் சொல்லிவிடும் அல்காரிதம் கிடையாது என்பதை. ஆகவே மாணவர் எழுதிய வாக்கியம் சரியான விடைக்குச் சமமா என்று திருத்தும் எந்த மென்பொருளும், என்றோ ஒருநாள் ஏதோ ஒரு விடையின் முன்னால் கையை விரித்துத்தான் ஆக வேண்டும். ஆசிரியருக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

டைக்ஸ்ட்ரா சொன்னது பாதி சரி. ஓட்டிப் பார்ப்பது நிரூபணம் ஆகாது. ஆனால் ஓட்டியே பார்க்காதவருக்கு, ஓட்டிப் பார்த்தால் போதாது என்பது எப்படி உறைக்கும்? ‘தொடரலாமா?’ பெட்டியின் முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்து விழித்தவருக்குத்தான் டூரிங்கின் நிரூபணம் பசிக்குச் சோறு மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னும் ஒரு பக்கம்.

முதலில், ஓட்டுவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று மாணவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் ஓட்டினால் எந்த விடை வந்தாலும் “இதைத்தான் நினைத்தேன்” என்று மனசு சொல்லிவிடும். இரண்டாவது, தன் மெஷின் சரி என்று காட்டுவதோடு நண்பரின் மெஷினை உடைக்கும் ஓர் உள்ளீட்டைக் கண்டுபிடிப்பதற்கும் மார்க் தர வேண்டும். 00111-ஐக் கண்டுபிடிக்கிறவர் மெஷினை வரைந்தவரைவிட ஒருபடி அதிகமாகவே புரிந்துகொண்டவர். மூன்றாவது, எந்த மென்பொருளைக் கையில் கொடுத்தாலும் கடைசி வகுப்பில் ஒரு கேள்வி: இதில் இல்லாத வசதி எது, அது ஏன் இல்லை?

இன்று படத்தையே வரைந்து, நிரூபணத்தையும் எழுதித் தரும் ஏஐ உரையாடிகள் வந்துவிட்டன. வீட்டுக் கணக்கின் விடைக்கு இனி மதிப்பு குறைவு. விடையைப் பார்த்து “இது எங்கே உடையும்?” என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அதைக் கற்றுத்தரும் விளையாட்டு 1980-களிலேயே ஒரு எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வைஸ், எட்செமெண்டி புத்தகத்துடன் வரும் பதிவு எண் ஒரு மாணவருக்கு மட்டுமே. புத்தகம் கைமாறினாலும் எண் கைமாறாது. சீனியரிடம் பழைய புத்தகம் வாங்கிப் படிக்கிறவர் விடைகளை அனுப்பித் திருத்திக்கொள்ள முடியாமல் வெளியே நிற்பார். டூரிங்’ஸ் வேர்ல்டின் கதை இன்னும் சோகம். அது அந்தக் கால மெகின்டாஷுக்காக எழுதப்பட்டது. இன்றைய கணினிகளில் நேரடியாக ஓடாது. நல்ல பாடநூல் ஐம்பது வருடம் கழித்தும் நூலக அலமாரியில் இருக்கும். நல்ல பாட மென்பொருளைப் பராமரிக்க ஆள் இல்லையென்றால் பத்து வருடத்தில் ஆவியாகிவிடும். கற்பிக்கும் கருவிகளை இலவசமாகவும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரும்படியும் வைப்பது தர்மம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. அந்தக் கருவி பிழைத்திருப்பதற்கும் அதுதான் வழி.

ஒரு மாணவர் நிறையப் பட்டன்களை அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தி அழுத்தி, ஒருநாள் இல்லாத பட்டனைத் தேடட்டும். அது ஏன் இல்லை என்று புரிகிற அன்று மென்பொருளை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுப்பார். அந்தப் பாடம் அவருக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது.